கூடுதலாக ஒரு புள்ளி: 67 ஆசியா சிறுகோளைத் தேடிப் பிடிப்பது எப்படி

சிவகாசியில் ஆஃப்செட் அச்சகங்களில் 31 வருடம் பிலிம் ஒட்டினேன். காலண்டர், தீப்பெட்டி லேபிள், நோட்டு அட்டை, எல்லாம்தான். லைட் டேபிள்மேல் குனிந்து, கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு, நெகட்டிவில் விழுந்திருக்கும் ஊசிமுனை ஓட்டைகளைத் தேடித் தேடி, ஒளி புகாத ஓபேக் மை தொட்டு அடைக்க வேண்டும். பின்ஹோல் என்போம். ஒன்றை விட்டுவிட்டால் முருகன் கன்னத்தில் கரும்புள்ளி விழும். ஒரு லட்சம் காலண்டர் ஓடினால் ஒரு லட்சம் கன்னத்தில்.

கம்ப்யூட்டரிலிருந்து நேராக பிளேட் எடுக்கும் இயந்திரம் வந்ததும் பிலிமுக்கு வேலை போனது. லைட் டேபிள்கள் காயலான் கடைக்குப் போயின. நான் ஒன்றை எடைக்கு எடை பேசி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எதற்கு என்று மனைவி கேட்டபோது பதில் இல்லை. இரண்டு வருடம் அதன்மேல் வடகம் காய்ந்தது. அப்புறம் 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்று வாங்கி, முதல் இரவு கண்ணை வைத்தேன். யாரும் ஓபேக் தொடாத நெகட்டிவ் மாதிரி இருந்தது வானம். எத்தனை பின்ஹோல்!

சிறுகோள் என்பது சூரியனைச் சுற்றும் குட்டிப் பாறை உலகம். அதைப் பிடிப்பது என்றால், இத்தனை புள்ளிகளில் எது கூடுதல் என்று சொல்வது. அவ்வளவுதான். தொலைநோக்கியில் அது விண்மீன் மாதிரியேதான் தெரியும். வட்டமோ வளையமோ எதுவும் இருக்காது. முதல் இரவில் உங்களால் அதைப் பார்க்க முடியும், ஆனால் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. இரண்டாவது இரவில் அந்தப் புள்ளி இடம் மாறியிருக்கும். அப்போதுதான் சொல்லலாம்.

எந்தச் சிறுகோள்?

நான் உங்களைத் தேடச் சொல்வது 67 ஆசியா. 1861 ஏப்ரல் 17 அன்று, நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்திலிருந்து நார்மன் ராபர்ட் போக்சன் கண்டுபிடித்தது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அவரே அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். 67 என்பது வரிசை எண். குறுக்களவு சுமார் 60 கிலோமீட்டர். சிவகாசியிலிருந்து மதுரைக்குப் போகும் தூரம்கூட இல்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில், சிறுகோள்கள் நிறைந்த முதன்மைப் பட்டையில் சுற்றுகிறது.

போக்சன் எப்படிப் பிடித்தார் என்பதுதான் நமக்குப் பாடம். அவர் காலத்தில் இந்த வேலைக்குப் புகைப்படம் கிடையாது. ஒளி கூடிக் குறையும் விண்மீன்கள்மேல் அவருக்குப் பித்து. அதற்காக மங்கலான விண்மீன்களுக்கெல்லாம் வரைபடம் போட்டுக்கொண்டே இருந்த மனிதர். வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று வானத்தில் இருந்தால், அது சிறுகோளாக இருக்கலாம். மூலப் பிரதியையும் புரூஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதே வேலை. இங்கிலாந்தில் இருந்தபோதே இப்படி மூன்று பிடித்திருந்தார். மெட்ராஸிலிருந்து ஐந்து: ஆசியா, சாப்போ, சில்வியா, கமிலா, கடைசியாக 1885-ல் வேரா. இதில் சில்வியா பின்னாளில் பெரிய ஆளானது. அதைச் சுற்றி இரண்டு குட்டி நிலவுகள் ஓடுவது 2005-ல் தெரிந்தது. இரண்டு நிலவு உள்ள சிறுகோள் என்று முதலில் அறியப்பட்டது அதுதான். போக்சனுக்கு அது வெறும் புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விண்மீன்களுக்கு ஒளித்தரம் 6, ஒளித்தரம் 11 என்று எண் சொல்கிறோம் இல்லையா, எண் 5 கூடினால் ஒளி 100 மடங்கு குறையும் என்று அந்த அளவுகோலுக்குக் கணக்கு வகுத்தவரும் போக்சன்தான், 1856-ல். ஒரு படிக்கு 2.512 மடங்கு. வெறும் கண்ணுக்கு எல்லை 6. ஆசியா சராசரியாக 11. அதாவது கண்ணுக்குத் தெரியும் கடைசி விண்மீனைவிட 100 மடங்கு மங்கல். அவர் அளவுகோலை வைத்துத்தான் அவர் கண்டுபிடித்ததைத் தேடப்போகிறோம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக ஆசியாவுக்குப் போகாதீர்கள். 4 வெஸ்டாவில் கை பழகுங்கள். 1807-ல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் ஓல்பர்ஸ் கண்டுபிடித்தது. சிறுகோள்களிலேயே நம் கண்ணுக்கு மிகப் பிரகாசமானது. நல்ல சமயத்தில் 10×50 பைனாகுலரில் சுலபமாகத் தெரியும். கீழே சொல்லும் முறை எல்லாம் அதற்கும் பொருந்தும்.

முதலில் பாதையை வரையுங்கள்

இதை யாரும் செய்வதில்லை, நேராக மாடிக்கு ஓடுகிறார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாதையைத் தாளில் வரைந்துவிட்டால், எப்போது பார்க்க வேண்டும், ஏன் அப்போது என்பதெல்லாம் தானாகப் புரியும்.

20×30 அங்குலத் தாள் ஒன்று வேண்டும். அச்சகத்தில் வேஸ்ட் ஷீட் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்; பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் போதும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவில் ஆசியாவின் சராசரி தூரம் 24.2 செ.மீ. பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று சொல்லும் எண் (மையத்தொலைத்தகவு) 0.185. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 4.5. ஆக, தாளின் நடுவில் 9 செ.மீ. இடைவெளியில் இரண்டு குண்டூசி குத்துங்கள். 57.4 செ.மீ. சுற்றளவு வருமாறு நூலை முடிச்சுப் போட்டு, இரண்டு ஊசியையும் சுற்றி மாட்டி, பென்சில் முனையால் நூலை இழுத்துப் பிடித்தபடி ஒரு சுற்று வாருங்கள். நீள்வட்டம் வந்துவிடும்.

பார்த்தால் வட்டம் போலவே இருக்கும். ஒரு பக்கம் 48.4 செ.மீ., மறுபக்கம் 47.6. எட்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நீள்வட்டம் என்றதும் முட்டை மாதிரி வரைகிற பள்ளிக்கூடப் படங்கள்மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. நீள்வட்டத்தின் விசேஷம் அதன் உருவத்தில் தெரியாது, சூரியன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தெரியும். சூரியன் நடுவில் இல்லை. இரண்டு ஊசியில் ஒன்றில் இருக்கிறது. ஒரு ஊசியைத் தேர்ந்தெடுத்து, அதை மையமாக வைத்து 10 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். அது பூமி. 15.2 செ.மீ.யில் இன்னொன்று செவ்வாய். செவ்வாயின் பாதையும் உண்மையில் மையம் விலகியதுதான், இப்போதைக்கு விடுங்கள்.

இப்போது ஸ்கேலை வையுங்கள். ஆசியா சூரியனுக்கு மிக அருகில் வரும்போது 19.7 செ.மீ.; பூமியிலிருந்து 9.7. மிகத் தொலைவில் 28.7, பூமியிலிருந்து 18.7. சூரிய ஒளி அங்கே போகும்போது ஒரு தடவை நீர்த்துப்போகிறது, பட்டு நம்மிடம் திரும்பும்போது இன்னொரு தடவை. இரண்டையும் கணக்கில் எடுத்தால் நல்ல சுற்றுக்கும் மோசமான சுற்றுக்கும் பிரகாசம் ஏறக்குறைய 8 மடங்கு மாறும். அதனால்தான் ஒரு வருடம் ஒளித்தரம் 10-க்குப் பக்கத்தில் வரும் ஆசியா, இன்னொரு வருடம் 12-க்குப் பக்கத்தில் போய்ப் பதுங்குகிறது. தேடும் வருடத்தில் 12 என்று கண்டால் பேசாமல் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருங்கள்.

சாய்வு ஒன்று பாக்கி. ஆசியாவின் பாதைத் தளம் பூமியின் தளத்துக்கு 6 டிகிரி சாய்ந்தது. தாளை அட்டையில் ஒட்டி நீள்வட்டத்தை வெட்டி எடுத்து மேஜைமேல் வைத்து, ஓரத்தில் ஒரு தீப்பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தித் தூக்கிவிடுங்கள். ஏறக்குறைய 6 டிகிரி கிடைக்கும். எங்கள் ஊரில் அளவுகோலுக்குப் பஞ்சமில்லை.

சுற்றும் காலத்துக்கு, கோள்களின் பாதைக்கு விதி சொன்ன கெப்ளரின் கணக்குப் போதும். ஆசியாவின் சராசரி தூரம் பூமியின் தூரத்தைப்போல 2.42 மடங்கு. 2.42-ஐ மூன்று தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் 14.17; அதன் வர்க்கமூலம் 3.76. மூன்றே முக்கால் வருடம். 1861-லிருந்து 40 சுற்றுக்கு மேல் முடித்துவிட்டது. செவ்வாய்க்கு ஒரு சுற்று 1.88 வருடம், இரண்டால் பெருக்கிப் பாருங்கள், அதே 3.76. செவ்வாய் இரண்டு சுற்றுவதற்குள் இது ஒன்று சுற்றுகிறது.

எப்போது

சூரியன், பூமி, ஆசியா மூன்றும் ஒரே கோட்டில், பூமி நடுவில் வரும்போது. எதிர்நிலை என்று பெயர். சூரியன் மறையும்போது அது கிழக்கே எழும், நள்ளிரவில் உச்சிக்கு வரும். ஆசியாவுக்கு இது ஏறக்குறைய 16 மாதத்துக்கு ஒருமுறை வாய்க்கும்.

பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். குரு வக்கிரம், சனி வக்கிரம் என்று காலண்டரில் போடுகிறோமே, அதே வக்கிரம்தான். நான்கு வழிச்சாலையில் நம் பஸ் ஒரு லாரியை முந்தும்போது, தூரத்து மரங்களை வைத்துப் பார்த்தால் லாரி பின்னால் நழுவுவது மாதிரி இருக்கும். பூமி உள்வட்டத்தில் வேகமாகப் போய் ஆசியாவை முந்துகிறது; அது விண்மீன்களுக்கு நடுவே மேற்காகப் பின்வாங்குகிறது. அந்த நாட்களில் ஒரு நாளைக்குச் சுமார் கால் டிகிரி, அதாவது முழுநிலவின் பாதி அகலம் நகரும். எதிர்நிலையிலிருந்து பல வாரம் தள்ளிப் போய்விட்டால் ஒரு கட்டத்தில் அப்படியே நின்று திரும்பும். அந்தச் சமயத்தில் தேடி இடம் மாறவே இல்லையே என்று தலையைச் சொறியாதீர்கள். எனக்கு நடந்தது.

நாளும் இரவும் குறிக்க அமாவாசையை ஒட்டி ஒரு வாரம் பாருங்கள். எங்கள் தொழிலில் ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதிலிருந்து மார்கழி வரை மூச்சுவிட நேரமிருக்காது. தை பிறந்தால் கை ஓய்வு, வானமும் துடைத்து வைத்த மாதிரி. அதனாலேயே நான் தை, மாசியில் வருகிற சிறுகோள்களாகப் பார்த்துப் பொறுக்குவேன்.

வரைபடம்

ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டுக்கொள்ளுங்கள். அதில் சூரியக் குடும்ப எடிட்டர் என்று ஒரு துணைக்கருவி உண்டு. அதைத் திறந்து 67 ஆசியாவின் பாதை எண்களைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பழைய எண்களை வைத்தால் இடம் கொஞ்சம் தவறும். சந்தேகம் இருந்தால் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருக்கும் மைனர் பிளானட் சென்டரின் இணையப் பக்கத்தில் எண்ணும் தேதியும் கொடுத்தால், அன்றைக்கு எங்கே இருக்கும், எவ்வளவு பிரகாசம் என்று பட்டியல் தரும். உலகம் முழுக்கச் சிறுகோள் கணக்குப்பிள்ளை அந்த அலுவலகம்தான்.

இரண்டு தாள் அச்சடியுங்கள். ஒன்று, அருகில் உள்ள பிரகாசமான விண்மீனிலிருந்து வழி காட்டுவது. இன்னொன்று, ஒளித்தரம் 12 வரை விண்மீன்கள் உள்ள நெருக்கமான படம், ஒரு டிகிரி அகலத்துக்கு. இந்த இரண்டாவது தாளில் சிறுகோளைக் குறிக்காதீர்கள். இது என் கட்டாயம். குறி போட்ட தாளைக் கையில் வைத்திருந்தால் அந்த இடத்தில் இல்லாததையும் கண் பார்த்துவிடும். புரூஃப் பார்க்கிறவனுக்குத் தெரியும், என்ன எழுத்து இருக்க வேண்டும் என்று மனதில் இருந்தால் பிழை கண்ணில் படாது.

என் டாப்சோனியன் போல, ஆடியால் ஒளியைச் சேர்க்கும் நியூட்டன் வகை என்றால் காட்சி தலைகீழாகத் தெரியும். தாளைத் தலைகீழாகப் பிடித்தால் சரியாகிவிடும். சொன்னால் சிரிப்பீர்கள், முதல் மூன்று இரவு நான் இதை மறந்து வானத்தில் வேறு ஏதோ இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் இரவு

சிவகாசி வானம் இதற்குத் தோது இல்லை. வத்திராயிருப்பில் என் மச்சினனுக்குத் தென்னந்தோப்பு. தோப்பை ஒட்டி நெல் அடிக்கும் களம் ஒன்று இருக்கிறது. மேற்கே மலை, மற்ற மூன்று பக்கமும் திறந்த வானம். அங்கே போய்விடுவேன். "என்ன மச்சான், போன மாசம் பார்த்த அதே வானம்தானே?" என்பான். அதே வானமா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று ஒருநாள் சொன்னேன். கட்டிலைக் களத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டான்.

கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் கொடுங்கள். அதன்பின் வெள்ளை வெளிச்சம் படவே கூடாது, செல்போன் உட்பட. சிவப்பு விளக்கு பரவாயில்லை. பழைய டார்க்ரூமில் தொங்கிய சிவப்பு பல்பு ஒன்றை நான் பேட்டரியில் மாட்டி வைத்திருக்கிறேன். கடைக்காரரிடம் கேட்டால் டார்ச்சில் ஒட்டச் சிவப்புக் கண்ணாடித்தாள் கொடுப்பார், அதுவும் போதும்.

பிரகாசமான விண்மீனில் தொடங்கி, தாளைப் பார்த்துப் பார்த்து, முக்கோணம் முக்கோணமாகத் தாவிப் போக வேண்டும். நான் முதன்முதலில் ஆசியாவைத் தேடியது ஒரு மாசி மாதம், சிம்மத்தில். மக நட்சத்திரத்திலிருந்து தொடங்கினேன். 40 நிமிடம் ஆனது. அவசரப்படாதீர்கள்.

இடத்தை அடைந்ததும், 25 மி.மீ. கண்ணருகு வில்லையில் 48 மடங்கு பெரிதாக்கினால் என் தொலைநோக்கியில் ஒரு டிகிரி வானம் தெரியும், இரண்டு நிலவு அகலம். முன்பே 10 செ.மீ. வட்டம் வரைந்து வைத்த தாளில் தெரியும் புள்ளி அத்தனையும் குறியுங்கள். முதலில் பிரகாசமானவற்றை வைத்து எலும்புக்கூடு. பிறகு நடுவே நடுவே மங்கலானவை. மங்கலானதை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், கொஞ்சம் ஓரக்கண்ணால் பாருங்கள். எது சிறுகோள் என்று யோசிக்கவே வேண்டாம், எல்லாமே புள்ளி. தேதி, மணி, எந்தத் திசை மேலே என்று எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள்.

இரண்டாம் இரவு

அடுத்த இரவு மேகம் என்றால் அதற்கடுத்த இரவு. வானத்தில் அதே இடம், அதே வட்ட அளவு, புதிய தாள். முதல் இரவுத் தாளைப் பார்க்காமல் வரைய வேண்டும். கால் டிகிரி நகர்ந்திருந்தால் உங்கள் 10 செ.மீ. வட்டத்தில் அது இரண்டரை செ.மீ. தள்ளி இருக்கும். யாருக்கும் தெரிகிற வித்தியாசம்.

மறுநாள் காலை இரண்டு தாளையும் டிரேஸிங் பேப்பரில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக லைட் டேபிளில் வைத்தேன். எதற்கு வாங்கினேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நான்கு நிறத்துக்கு நான்கு பிலிம் ஒட்டும்போது ஓரத்துச் சிலுவைக் குறிகளைப் பொருத்துவோம், ரெஜிஸ்டர் சேர்ப்பது என்று. இங்கே பிரகாசமான நான்கு விண்மீன்தான் ரெஜிஸ்டர் குறி. அவை பொருந்தியதும் மற்றவையும் ஏறக்குறைய பொருந்தின. என் கை நடுங்கியதில் அங்கங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகு. ஒன்றே ஒன்று மட்டும் பொருந்தவில்லை. முதல் தாளில் இருந்த ஒரு புள்ளி இரண்டாவதில் இல்லை. இரண்டாவதில் வெறும் இடத்தில் புதிதாக ஒன்று, மேற்கே. குறி போட்ட ஸ்டெல்லேரியம் படத்தை அப்போதுதான் திறந்தேன். அதேதான்.

லைட் டேபிள் இல்லாதவர்கள் பகலில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்க்கலாம்.

ஒரு புள்ளி ஒரு தாளில் மட்டும் இருந்து, இன்னொன்றில் எங்குமே இணை கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் நீங்கள் வரைய விட்டுப்போனது. அல்லது ஒளி மாறும் விண்மீன். நகர்ந்த ஜோடி கிடைத்தால்தான் சிறுகோள். ஒரே இரவிலேயே முடிக்க வேண்டும் என்றால் மூன்று மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டு படம் வரையலாம். ஆனால் நகர்வு மூன்று மில்லிமீட்டர்தான். என் கையை நானே நம்பமாட்டேன்.

நீங்களே பாதையைக் கணக்கிட

1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோவில் வானியலாளர் பியாட்சி முதல் சிறுகோளான சிரெஸைக் கண்டார். பிப்ரவரிக்குப் பிறகு அது சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிட்டது. கையில் இருந்த கொஞ்ச நாள் அளவீடுகளை வைத்து, 24 வயது ஜெர்மன் கணிதர் கவுஸ் பாதையைக் கணக்கிட்டுச் சொன்ன இடத்துக்குப் பக்கத்தில், அந்த வருடக் கடைசியில் மறுபடி கிடைத்தது. வெவ்வேறு இரவுகளில் மூன்று துல்லியமான இடங்கள் இருந்தால் பாதை வந்துவிடும் என்பது அவர் காட்டியது.

இன்று அந்தக் கணக்கை ஃபைண்ட் ஆர்ப் என்ற இலவச மென்பொருள் போடும். துல்லியமான இடங்கள்தான் சிக்கல். நான் கையால் வரைந்ததிலிருந்து மூன்று இடங்களை அளந்து கொடுத்தேன். அது காட்டிய பாதையில் ஆசியா வியாழனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பென்சில் புள்ளிக்கு அவ்வளவுதான் மரியாதை. அப்புறம் கல்யாண வீட்டு போட்டோகிராபர் நண்பர் ஒருவரிடம் கேமராவும் 200 மி.மீ. லென்ஸும் கடன் வாங்கி, ஒரு நொடி ஒரு நொடியாக நூறு படம் எடுத்து, டீப் ஸ்கை ஸ்டேக்கர் என்ற மென்பொருளில் ஒன்றாக அடுக்கினேன். அந்தப் படத்தை அஸ்ட்ரோமெட்ரி டாட் நெட் என்ற இணையதளத்தில் ஏற்றினால், எந்த விண்மீன் எங்கே என்று கண்டுபிடித்து, படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் வான ஆயத்தொலை (வானத்து அட்சரேகை, தீர்க்கரேகை மாதிரி) சொல்லிவிடும். ஐந்து வாரத்தில் நான்கு இரவு எடுத்தேன். சராசரி தூரம் 2.4 என்று வந்தது. அன்று இரவு மனைவியை எழுப்பிச் சொன்னேன். "ரெண்டு புள்ளி நாலு என்ன, கிலோவா?" என்றாள்.

பெயர்

நீங்கள் ஆசியாவைப் பார்த்தால் அதற்கு உங்கள் பெயர் கிடைக்காது, 1861-லேயே ஆள் முந்திவிட்டார். புதிதாக ஒன்று கிடைத்தால்? அதற்கும் வரிசை உண்டு.

முதலில் தற்காலிகக் குறியீடு. நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் கல்கி என்ற தேடல் திட்டத்தை வானியலாளர் ராஜமோகன் நடத்தினார். 1988 பிப்ரவரி 17 அன்று கிடைத்த சிறுகோளுக்கு 1988 டிகியூ1 என்று குறியீடு. டி என்றால் பிப்ரவரியின் இரண்டாம் பாதி. மாதத்தை இரண்டாகப் பிரித்து, ஜனவரி முதல் பாதிக்கு ஏ, இரண்டாம் பாதிக்கு பி என்று போகும். குழப்பம் வராமல் இருக்க ஐ எழுத்து கிடையாது. கியூ, ஐயை விட்டு எண்ணினால் 16-வது எழுத்து. பக்கத்தில் உள்ள 1, எழுத்து வரிசை ஒருமுறை முழுதாக, 25 எழுத்து, ஓடிவிட்டது என்று சொல்கிறது. 25-ம் 16-ம் 41. அந்த அரை மாதத்தில் பதிவான 41-வது சிறுகோள். பல முறை மறுபடி பார்த்து, பாதை உறுதியானதும் 4130 என்ற நிரந்தர எண் வந்தது. அப்புறம் பெயர்: ராமானுஜன். போக்சனின் வேராவுக்கு 103 வருடம் கழித்து.

எண் கிடைத்தபின் பெயரை முன்மொழியக் கண்டுபிடித்தவருக்குப் பத்து வருடம் உரிமை. 16 எழுத்துக்குள், முடிந்தால் ஒரே சொல், வாயில் நுழைய வேண்டும், ஏற்கெனவே உள்ள பெயர் போல இருக்கக் கூடாது. அரசியல்வாதி, படைத்தலைவர் என்றால் இறந்து நூறு வருடம் ஆகியிருக்க வேண்டும். நம் ஊருக்கு மிகவும் தேவையான விதி. ஒருவர் தன் பூனையின் பெயரை வைத்துவிட்டார், 2309 மிஸ்டர் ஸ்பாக். அதிலிருந்து செல்லப்பிராணி வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு ஒன்று பார்த்து ஒப்புதல் தரும். சுப்ரமணியன் சந்திரசேகர் பெயரில் 1958 சந்திரா (1958 இங்கே வரிசை எண், வருடம் இல்லை), விஸ்வநாதன் ஆனந்த் பெயரில் 4538 விஷியானந்த் எல்லாம் இப்படி வந்தவை.

காசு கொடுத்தால் பெயர் கிடைக்காது. என் அண்ணன் மகன் யாரிடமோ பணம் கட்டித் தன் குழந்தை பெயரில் விண்மீன் வாங்கிவிட்டேன் என்று சட்டம் போட்ட சான்றிதழை நீட்டினான். அச்சு நன்றாக இருந்தது, தங்க ஃபாயில் எல்லாம். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

புதிதாகக் கண்டுபிடிக்க மாடித் தொலைநோக்கி போதாது. பத்து லட்சத்துக்கு மேல் பிடித்தாகிவிட்டது. சிலியில் ரூபின் வானாய்வகம் 2025-ல் சோதனையாகப் பத்து மணி நேரம் எடுத்த படங்களிலேயே 2,104 புதியவை கிடைத்தன. ஆனால் ஐ.ஏ.எஸ்.சி. என்ற சர்வதேசக் கூட்டமைப்பு, ஹவாயில் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுக்கும் படங்களைப் பள்ளிக் குழுக்களுக்கும் ஆர்வலர்களுக்கும் இலவசமாக அனுப்புகிறது. ஒரே இடத்தைச் சில நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படம். அஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருளில் அவற்றை மாற்றி மாற்றி மின்னவிட்டால் நகர்வது மட்டும் துள்ளும். தெரிந்த பள்ளி ஒன்றின் பிள்ளைகளோடு ஒரு மாதம் உட்கார்ந்தேன். நாங்கள் குதித்துக் கும்மாளமிட்ட முதல் புள்ளி கேமராவில் இருந்த பழுதுப் பிக்சல். நான்கில் இரண்டு படத்தில்தான் இருந்தது. அதை முதலில் சொன்னது எட்டாம் வகுப்புப் பெண். பின்ஹோல் பார்த்தே 31 வருடம் சாப்பிட்டவன் நான், எனக்குத் தெரியவில்லை. அதனால் நான்கு படத்திலும் இருக்கிறதா, ஒரே நேர்கோட்டில் ஒரே வேகத்தில் போகிறதா, பிரகாசம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். அனுப்பியதும் நாளையே பெயர் வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நிரந்தர எண் வர வருடக்கணக்காகும்.

ஆசியாவைப் பிடித்தவர்கள் அடுத்த எதிர்நிலையையும் குறித்துவையுங்கள். 16 மாதம் தள்ளி, வானத்தில் வேறு ஒரு மூலையில், வேறு பிரகாசத்தில் வரும். பெரும்பாலும் அந்த வருடத்துக் காலண்டர் இன்னும் அச்சாகியே இருக்காது. நான் லைட் டேபிளின் கால்சட்டத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.